12+ என்று போட்டிருக்கும் ரோல்-பிளேயிங் கேமைப் பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி இதுதான்: பத்து வயதுப் பையன் மொபைலில் ஒரு ரோல்-பிளேயிங் கேம் (ஒரு கேரக்டராக மாறி, கதைக்குள் சண்டை போட்டு வளரும் வகை) கேட்கிறான். வகுப்பில் எல்லோரும் விளையாடுகிறார்களாம். ஸ்டோரில் 12+ என்று இருக்கிறது. அரை மணி நேரம் விளையாடிப் பார்த்ததில் தப்பாக எதுவும் தெரியவில்லை. கொடுக்கலாமா, வேண்டாமா?

அந்த 12+ஐயும் அந்த அரை மணி நேரத்தையும் மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். இந்த வகை மொபைல் கேம்களில் பிள்ளைகளுக்குச் சிக்கல் வரும் இடங்கள் முக்கியமாக மூன்று. காசு வாங்கும் விதம், முன்பின் தெரியாதவர்களோடு பேச விடும் விதம், முடிவே இல்லாமல் தினமும் கூப்பிடும் விதம். வன்முறை நான்காவது இடத்தில்தான் வரும். முதல் மூன்றும் ரேட்டிங் எண்ணில் முழுதாகத் தெரியாது, முதல் அரை மணி நேரத்திலும் தெரியாது.

ஏன் தெரியாது என்றால், இந்த கேம்கள் வசதிகளை லெவல் லெவலாகத்தான் திறக்கும். ஆரம்பத்தில் கதை, அழகான ஊர், இரண்டு சின்ன எதிரிகள், கை நிறையப் பரிசு. சாட், கில்டு என்ற விளையாடுபவர் குழு, மற்றவர்களோடு சேர்ந்து விளையாடுவது, மற்றவர்களை எதிர்த்துச் சண்டை போடுவது எல்லாம் பூட்டியிருக்கும். 2020 செப்டம்பரில் வந்த ஜென்ஷின் இம்பாக்ட் என்ற கேமில் சேர்ந்து விளையாடும் வசதி அட்வென்ச்சர் ரேங்க் (விளையாடுபவரின் லெவல்) 16இல்தான் திறக்கிறது. அதை எட்டச் சாதாரணமாகப் பல மணி நேர விளையாட்டு தேவை. ஆக, பெற்றோர் பார்த்த கேம் வேறு, பிள்ளை இரண்டு வாரம் கழித்து விளையாடும் கேம் வேறு. பணம் கேட்கும் அழுத்தமும் அப்படித்தான். முதல் சில நாள் ஜெம், அதாவது கேமுக்குள் செலவழிக்கும் நாணயம், இலவசமாகக் கொட்டும், பிறகு வரத்து வற்றும், எதிரிகள் கடினமாவார்கள். கடைப் பொத்தான் அப்போதுதான் பிள்ளையின் கண்ணை உறுத்த ஆரம்பிக்கும்.

ரேட்டிங் எப்படி வருகிறது என்று தெரிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் புரியும். கூகுள் ப்ளே 2015 முதல் ஐஏஆர்சி என்ற முறையைப் பயன்படுத்துகிறது. கேமை வெளியிடுபவர் ஒரு கேள்வித்தாளை நிரப்புவார். ரத்தம் உண்டா, கெட்ட வார்த்தை உண்டா, ஆடைக் குறைப்பு உண்டா, சூதாட்டம் உண்டா என்று கேள்விகள் போகும். அந்தப் பதில்களிலிருந்து ஐரோப்பாவுக்கு பெகி என்ற அமைப்பின் வயது எண்ணும் வட அமெரிக்காவுக்கு இஎஸ்ஆர்பி என்ற அமைப்பின் தர எழுத்தும் தானாகவே உருவாகும். ஆப்பிள் தனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறது. நெடுங்காலம் 4+, 9+, 12+, 17+ என்று இருந்த படிகளை 2025இல் 4+, 9+, 13+, 16+, 18+ என்று மாற்றியது. ஒரே கேமுக்கு இரண்டு ஸ்டோரில் இரண்டு எண் இருந்தால் குழம்ப வேண்டாம், அளவுகோல் வேறு, அவ்வளவுதான்.

எண்ணைவிட அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வரிகள்தான் உங்களுக்கு வேண்டியவை. ‘பயனர்கள் ஒருவரோடு ஒருவர் பேசலாம்’, ‘ஆப்புக்குள் வாங்கும் வசதி உண்டு, தற்செயலாகக் கிடைக்கும் பொருள்களும் அடங்கும்’ என்ற பொருளில் அங்கே குறிப்புகள் இருக்கும். தற்செயல் பொருள்கள் பற்றிய குறிப்பை இஎஸ்ஆர்பி 2020இல் கொண்டுவந்தது. இவை தனிக் குறிப்புகள். 12 என்ற எண்ணுக்குள் இவற்றையும் எடைபோட்டிருப்பார்கள் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. ஆஸ்திரேலியா இதில் ஒரு படி மேலே போனது. 2024 செப்டம்பர் 22க்குப் பிறகு வகைப்படுத்தப்படும் கேமில் காசு கொடுத்துக் குலுக்கிப் பார்க்கும் அம்சம் இருந்தால், குறைந்தபட்சம் ‘எம்’ தரம். அதாவது 15 வயதுக்குக் கீழே பரிந்துரைக்கப்படவில்லை. மற்ற இடங்களில் இருப்பவர்களும் இதை ஒரு கைக்கணக்காக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இனி காசு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

இலவச ரோல்-பிளேயிங் கேம்களில் பெரும்பாலானவற்றுக்கு வருமானம் குலுக்கல். ஜெம்மைப் போட்டால் ஒரு கேரக்டரோ ஆயுதமோ தற்செயலாகக் கிடைக்கும். கேமுக்கு கேம் சம்மன், விஷ், புல் என்று பெயர் மாறும். பொதுவாகக் காச்சா என்பார்கள். இந்தக் குலுக்கல் திரையில் ஒரு மூலையில் ‘விவரங்கள்’ என்றோ வெறும் கேள்விக்குறியாகவோ ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்துங்கள். வாய்ப்பு விகிதம் அங்கேதான் இருக்கிறது. குலுக்கலை விற்கும் ஆப்கள் விகிதத்தை வெளியிட வேண்டும் என்று ஆப்பிள் 2017 டிசம்பரில் விதி வைத்தது, கூகுள் ப்ளே 2019இல் வைத்தது. பொத்தானே இல்லாத, விகிதமே சொல்லாத கேம் என்றால் மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை, நீக்கிவிடுங்கள்.

விகிதத்தைப் படிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1 சதவீதம் என்றால் நூறு தடவை குலுக்கினால் ஒன்று நிச்சயம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், பெரியவர்களும்தான். உண்மைக் கணக்கு வேறு. ஒவ்வொரு குலுக்கலிலும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.99. அதை நூறு தடவை பெருக்கினால் சுமார் 0.37 வரும். நூறு பிள்ளைகள் தலா நூறு முறை குலுக்கினால் ஏறக்குறைய 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். இதைச் சரிக்கட்டத்தான் நல்ல கேம்களில் ‘பிட்டி’ என்ற உச்சவரம்பு இருக்கிறது. இத்தனையாவது குலுக்கலில் கட்டாயம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் அது.

ஜென்ஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நட்சத்திர, அதாவது மிக அரிய கேரக்டருக்கு அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். 90ஆவது குலுக்கலுக்குள் ஒன்று கட்டாயம் வரும். ஆனால் வருவது பேனரில், அதாவது அப்போது நடக்கும் குலுக்கலின் திரையில், காட்டியிருக்கும் கேரக்டராகத்தான் இருக்கும் என்று உறுதியில்லை. வேறொன்று வந்துவிட்டால் அடுத்த ஐந்து நட்சத்திரம் கட்டாயம் அந்தக் கேரக்டர். ஆக, மோசமான அதிர்ஷ்டத்தில் 180 குலுக்கல். ஒரு குலுக்கலுக்கு 160 ப்ரைமோஜெம் (ஜென்ஷினின் ஜெம்) வீதம் 28,800. தினசரி வேலைகளைச் செய்தால் நாளைக்குக் கிடைப்பது 60. அதை மட்டும் வைத்துச் சேர்த்தால் 480 நாள். கதை, ஈவென்ட் வழியாகவும் ஜெம் வரும் என்பதால் நடைமுறையில் அவ்வளவு ஆகாது, ஆனால் ஒரு பேனர் சுமார் மூன்று வாரம்தான் திறந்திருக்கும். அந்த இடைவெளியைக் காசு நிரப்பும் என்பதுதான் ஏற்பாடு. அதே கேரக்டரின் முழுப் பலம் வேண்டுமென்றால் இன்னும் ஆறு தடவை அதே கேரக்டர் வர வேண்டும்.

இந்தக் கணக்கை எந்த கேமுக்கும் போடலாம். உத்தரவாதம் வர ஆகும் அதிகபட்சக் குலுக்கல் எண்ணிக்கையை ஒரு குலுக்கலின் ஜெம் விலையால் பெருக்குங்கள். வந்ததை, கடையில் இருக்கும் மிகப் பெரிய ஜெம் பேக்கில் எத்தனை ஜெம் உண்டோ அதால் வகுங்கள். எத்தனை பேக் என்று வரும். பேக்கின் விலையால் பெருக்கினால், ஒரே ஒரு கேரக்டரின் உச்ச விலை உங்கள் கையில் இருக்கும். அந்தத் தொகையைப் பிள்ளையை உட்காரவைத்து அவன் கையாலேயே போடச் சொல்லுங்கள். பத்து வயதில் பெருக்கலும் வகுத்தலும் தெரியும். எந்த அறிவுரையைவிடவும் இது நன்றாக வேலை செய்யும். உச்சவரம்பே இல்லாத கேமில் இந்தக் கணக்கு முடிவில்லாமல் போகும். அதுவே உங்களுக்குப் பதில்.

கேமை இறக்காமலேயே ஒரு தடயம் கிடைக்கும். கூகுள் ப்ளேயில் ‘இந்த ஆப்ஸைப் பற்றி’ என்ற பகுதிக்குள் போனால், உள்ளே விற்கும் பொருள்களின் குறைந்த விலையும் அதிக விலையும் இருக்கும். ஆப் ஸ்டோரில் பக்கத்தின் அடியில் அதிகம் வாங்கப்படும் பேக்குகள் பெயரோடும் விலையோடும் பட்டியலாக இருக்கும். ஒரு முழு கன்சோல் கேமின் விலையையே ஒரு பேக்குக்கு வாங்கும் கேம், பிள்ளைகளின் சில்லறையை எதிர்பார்த்துச் செய்ததில்லை. யாரோ சிலரிடம் பெரிய தொகை கறக்கச் செய்தது. அந்தக் கடைக்குள்தான் உங்கள் பிள்ளையும் தினமும் நடமாடப் போகிறான்.

கடைத் திரையை ஒரு தடவை பொறுமையாகப் பாருங்கள். மேலே ஒரு கடிகாரம் வினாடி வினாடியாகக் குறைந்துகொண்டிருக்கும். பொத்தான்களின் தோளில் சிவப்புப் புள்ளி. தொட்டால்தான் போகும், இலவசமாக ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டு அந்தக் கையோடு விற்பனைப் பேக்கையும் காட்டும். ‘முதல் முறை வாங்கினால் இரட்டிப்பு’ என்று ஒவ்வொரு பேக்கிலும் ஒரு முத்திரை. ஜெம் பேக்கின் அளவும் குலுக்கலின் விலையும் சரியாக வகுபடாது. குலுக்கலுக்கு 150 என்றால் பேக்கில் 400 இருக்கும், இரண்டு குலுக்கல் போக 100 மிஞ்சி இன்னும் 50க்கு ஏங்க வைக்கும். காசை ஜெம்மாக்கி, ஜெம்மைச் சீட்டாக்கி, சீட்டால் குலுக்கும்போது உண்மையான செலவு மூன்று படி தள்ளிப் போய்விடும். எல்லாவற்றிலும் மோசமானது, சண்டையில் தோற்ற அதே நொடியில் ‘இந்தப் பேக் இருந்தால் ஜெயித்திருப்பாய், ஒரு மணி நேரத்துக்கு மட்டும்’ என்று எழும்பும் பெட்டி. இதைப் பார்த்தால் 13 வயதுக்குக் கீழே அந்த கேம் வேண்டாம் என்று நான் தயங்காமல் சொல்வேன். தோற்ற கோபத்தில் இருக்கும் பிள்ளையிடம் பேரம் பேசுவது நியாயமே இல்லை.

இது பெற்றோரின் மிகையான பயம் மட்டும் இல்லை. ஜென்ஷினின் அமெரிக்க வெளியீட்டாளர் மீது அந்நாட்டு வர்த்தக ஆணையமான எஃப்டிசி போட்ட வழக்கு 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் தொகையோடு சமரசமானது. பல அடுக்கு ஜெம் முறை உண்மைச் செலவையும் வாய்ப்பையும் மறைக்கிறது என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோர் சம்மதமின்றிக் குலுக்கலை விற்கக் கூடாது என்பது அந்தச் சமரசத்தின் நிபந்தனை. ஜப்பான் 2012இலேயே, பல துண்டுகளைக் குலுக்கலில் சேர்த்து முழுமையாக்கினால்தான் பரிசு என்ற ‘கொம்பு காச்சா’ முறையைத் தடுத்தது. பெல்ஜியம் 2018இல் காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸை, அதாவது இதே போன்ற குலுக்கல் பெட்டியை, சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2022இல் டயாப்ளோ இம்மார்ட்டல் என்ற ரோல்-பிளேயிங் கேம் வந்தபோது பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் வெளியிடப்படவே இல்லை.

காசுப் பூட்டை கேம் இறக்கும் முன்பே போடுங்கள். ஆண்ட்ராய்டில் பிள்ளைக்குத் தனி கூகுள் அக்கவுன்ட் தொடங்கி, கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப்பான ஃபேமிலி லிங்க்கில் சேர்த்துவிடுங்கள். அதில் கூகுள் ப்ளே பகுதியில் வாங்குவதற்கு ஒப்புதல் என்ற இடத்தில் ‘எல்லாவற்றுக்கும்’ என்று வையுங்கள். உங்கள் போனையே பிள்ளை எடுத்து விளையாடுகிறான் என்றால், ப்ளே ஸ்டோரின் செட்டிங்ஸில் பர்ச்சேஸ் வெரிஃபிகேஷனை ‘எப்போதும்’ என்று மாற்றுங்கள். ஐபோனில் ஸ்க்ரீன் டைமுக்குள், உள்ளடக்கக் கட்டுப்பாடுகள் பகுதியில், ஆப்புக்குள் வாங்குவதை ‘அனுமதிக்காதே’ என்று வைக்கலாம். ஃபேமிலி ஷேரிங் இருந்தால் ஆஸ்க் டு பை போதும், ஒவ்வொரு முறையும் கேள்வி உங்கள் போனுக்கு வரும். ஸ்க்ரீன் டைம் பாஸ்கோடு, போன் பாஸ்கோடாக இருக்கக் கூடாது.

இத்தனை செய்தும் ஓட்டை விழும் இடங்கள் நான்கு. ஒன்று, பிள்ளையின் விரல்ரேகை உங்கள் போனில் பதிவாகியிருப்பது. போன் திறப்பதற்காகப் பதிவு செய்த அதே விரல் பணம் கட்டவும் செல்லும். இரண்டு, ஃபேமிலி லிங்க் ஒப்புதல் கூகுள் ப்ளே வழியாகக் கட்டும் பணத்துக்கு மட்டும்தான். பல கேம்கள் தங்கள் சொந்த இணையதளத்தில் ‘டாப்-அப்’ கடை வைத்து, அங்கே வாங்கினால் கூடுதல் ஜெம் என்று ஆசை காட்டுகின்றன. அங்கே அட்டை எண்ணும் ஓடிபியும் இருந்தால் போதும், எந்தப் பூட்டும் தடுக்காது. மூன்று, கிஃப்ட் கார்டு. அதற்கு அட்டை எண்கூட வேண்டாம். நான்கு, மாதச் சந்தா. ஒரு தடவை சின்னத் தொகைக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டு மறந்துவிடுவோம், அது தானாகப் புதுப்பித்துக்கொண்டே போகும். தப்பு நடந்துவிட்டால் உடனே செயல்படுங்கள். கூகுள் ப்ளேயில் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்பது சுலபம், அதற்குப் பிறகு பெரும்பாலும் கேம் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டியிருக்கும். பணம் திரும்பி வந்தால் அந்த ஜெம்மையும் கழித்துக்கொள்வார்கள், சில கேம்களில் அக்கவுன்ட்டையே முடக்குவார்கள். பிள்ளைக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது சாட். இங்கே பார்க்க வேண்டியது, சாட் இருக்கிறதா என்பதோடு, எத்தனை வகைச் சாட், எதை அணைக்கலாம் என்பதும். வேர்ல்டு சாட்டில் யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள், அது ஓடிக்கொண்டே இருக்கும். கில்டு சாட்டில் முப்பது ஐம்பது பேர், தினமும் அதே ஆட்கள், பழக்கம் உண்டாகும். தனிச் செய்தி நேராக உங்கள் பிள்ளைக்கு வரும். மூன்றாவதுதான் அதிகக் கவனத்துக்குரியது. செட்டிங்ஸில் ‘நண்பர்கள் மட்டும்’ என்றாவது வைக்க முடியாத கேம் பத்து வயதில் தனியாக விளையாட ஆகாது. கெட்ட வார்த்தை வடிகட்டியை நம்பவே வேண்டாம். அவை பெரும்பாலும் ஆங்கிலத்துக்குச் செய்தவை. தமிழ் வசவை ஆங்கில எழுத்தில் தட்டினால் அப்படியே திரையில் வந்து நிற்கும்.

உண்மையான ஆபத்து வசவுகூட இல்லை, கேமை விட்டு வெளியே கூப்பிடுவது. கில்டுக்கு டிஸ்கார்டு என்ற சாட் ஆப்பில் ஒரு குழு இருக்கும், வரச் சொல்வார்கள். டிஸ்கார்டுக்குக் குறைந்தபட்ச வயது 13. இன்னொரு பக்கம், ‘உன் அக்கவுன்ட்டைக் கொடு, நான் அந்தப் பெரிய எதிரியை அடித்துத் தருகிறேன்’, ‘இந்த லிங்க்கில் போனால் ஜெம் இலவசம்’ என்று வருபவர்கள். முதலாமவர் அக்கவுன்ட்டைத் தூக்கிக்கொண்டு போவார். இரண்டாமவரின் லிங்க்கில் பாஸ்வேர்ட் போகும். ஸ்டோருக்கு வெளியிலிருந்து இறக்கும், யாரோ மாற்றியமைத்த ‘மாட்’ ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்) கோப்பில் கேமோடு வேறு என்னவெல்லாம் வருகிறதென்று யாருக்கும் தெரியாது. பிள்ளைக்கு மூன்று விதிகள் போதும்: பாஸ்வேர்டும் ஓடிபியும் யாருக்கும் இல்லை. வயது, பள்ளி, படம் யாருக்கும் இல்லை. வேறு ஆப்புக்கு வா என்று யார் கூப்பிட்டாலும் வீட்டில் வந்து சொல்ல வேண்டும், சொன்னதற்காகக் கேம் பறிக்கப்படாது. கடைசி உறுதிமொழியை நீங்கள் காப்பாற்றாவிட்டால் அடுத்த தடவை உங்களுக்குச் செய்தியே வராது.

நேரம். இந்த கேம்களில் ‘ஸ்டாமினா’ என்று ஒன்று உண்டு. சண்டைக்கு அது செலவாகும், காத்திருந்தால் நிரம்பும். மேலோட்டமாகப் பார்த்தால் நேரத்தைக் கட்டுப்படுத்துவது போலத் தெரியும். வேலை செய்வது நேர்மாறாக. ஜென்ஷினில் எட்டு நிமிடத்துக்கு ஒன்று வீதம் 200 வரை நிரம்பும், அதாவது 26 மணி 40 நிமிடம். ஒரு நாள் தவறவிட்டால் நிரம்பி வழிந்து வீணாகும். ஆகவே ஒரு நாள்கூட விடக் கூடாது என்ற நெருக்கடி. இதோடு தினசரி லாகின் பரிசு, இரண்டு மூன்று வாரத்தில் மூடும் ஈவென்ட், குறிப்பிட்ட காலத்துக்குள் முடித்தால் பரிசு தரும் சீசன் பாஸ் எல்லாம் சேரும். சில கேம்களில் கில்டு போர் குறிப்பிட்ட நேரத்தில் நடக்கும், சில நாள் வராதவர்களைக் கில்டிலிருந்து தூக்கிவிடுவார்கள். பிள்ளைக்கு அது நண்பர்கள் முன்னால் அவமானம். ஒரு கேமை எடைபோடும்போது கேட்க வேண்டிய கேள்வி இது: ஒரு வாரம் திறக்காமல் விட்டால் பிள்ளைக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் எதுவும் இல்லையென்றால் நல்ல கேம். பரிசு கொஞ்சம் குறையும் என்றால் சமாளிக்கலாம். இடம் போய்விடும், கில்டு போய்விடும், மற்றவர்கள் வந்து நம் ஊரைக் கொள்ளையடித்துவிடுவார்கள் என்றால், சின்னப் பிள்ளைக்கு அது விளையாட்டு இல்லை, வேலை.

நேரக் கட்டுப்பாட்டை நிமிடக் கணக்கில் மட்டும் வைத்தால் தினமும் சண்டை வரும். இணையத்தில் சேர்ந்து விளையாடும் சண்டையை நடுவில் நிறுத்த முடியாது. ஃபேமிலி லிங்க் சரியாக எட்டு மணிக்குத் திரையைப் பூட்டினால், உடன் விளையாடும் மூன்று பேர் தோற்பார்கள், அவர்கள் திட்டுவது உங்கள் பிள்ளையை. ‘இது முடிய எவ்வளவு நேரம்?’ என்று கேட்டுப் பழகுங்கள். பல கேம்களில் ஒரு சண்டை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பூட்டு விழுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் புதுச் சண்டை தொடங்கக் கூடாது என்று விதி வையுங்கள், தொல்லை பெரும்பாலும் அடங்கும்.

வன்முறையையும் காட்சிகளையும் பார்க்க அதிக நேரம் ஆகாது. வாளால் வெட்டினால் எண் பறந்து எதிரி புகையாக மறைவது ஒன்று, ரத்தம் தெறித்து உடல் கிடப்பது வேறு. பெண் கேரக்டர்களின் உடை, கேமரா எங்கே போய் நிற்கிறது, கேரக்டரைத் தொட்டால் என்ன பேசுகிறது என்பதைக் கேரக்டர் திரையில் பாருங்கள். கதையில் அதிகம் கண்ணில் படாமல் போவது பிற்பகுதியின் கனம்தான். ஊரே அழிவது, பெற்றோர் சாவது, நம்பிய நண்பன் துரோகியாவது எல்லாம் இந்த வகையில் சாதாரணம். பத்து வயதுப் பிள்ளை அதைத் தாங்கும், பக்கத்தில் பேச ஒருவர் இருந்தால். இன்னொரு விஷயம், இவை நிறையப் படிக்க வைக்கும் கேம்கள். கேமின் மொழியைச் சரளமாகப் படிக்க வராத பிள்ளை எல்லாவற்றுக்கும் ‘ஓகே’ தட்டிக்கொண்டே போகும். அந்த ஓகேக்களில் ஒன்று வாங்குவதற்கான ஒப்புதலாக இருக்கும்.

இனி சோதிக்கும் முறை. முதல் நாள் ஸ்டோர் பக்கம்: சின்ன எழுத்துக் குறிப்புகள், பேக் விலை, என்ன தகவல் சேகரிக்கிறார்கள் என்ற பகுதி. ஒரு நட்சத்திர விமர்சனங்களில் புதிதாக வந்த இருபதைப் படியுங்கள், அதில் காசு பற்றியும் அக்கவுன்ட் திருட்டு பற்றியும் எத்தனை என்று பாருங்கள். பிறகு யூடியூபில் கேமின் பெயரோடு ‘எண்ட் கேம்’ (கதை முடிந்த பிறகு வரும் பகுதி), ‘கில்டு’ என்று தேடி, பல மாதம் விளையாடியவர் ஒரு நாளில் என்னவெல்லாம் செய்கிறார் என்று பாருங்கள். உங்கள் பிள்ளை போய்ச் சேரப் போகும் இடம் அதுதான். அதன் பிறகு உங்கள் போனில் இறக்கி, ஏழு நாள் தினமும் இருபது நிமிடம் விளையாடுங்கள். கதை வசனங்களைத் தாண்டிவிடலாம், நோக்கம் லெவலை ஏற்றிப் பூட்டுகளைத் திறப்பது. ஏழாம் நாள் மூன்று விஷயம் பாருங்கள்: காசு போடாமல் முன்னேற முடிகிறதா, சாட்டில் என்ன ஓடுகிறது, அன்று திறக்காமல் விடலாம் என்று நினைத்தால் உங்களுக்கே மனம் இடிக்கிறதா. மூன்றாவதற்கு ஆமாம் என்றால், பெரியவருக்கே அப்படி இருக்கும் இடத்தில் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

விளம்பரத்தோடு வரும் கேம் என்றால் ஏழு நாளில் வரும் விளம்பரங்களையும் கவனியுங்கள். கேமின் ரேட்டிங் ஒன்று, நடுவில் ஓடும் விளம்பரம் இன்னொன்று. ‘விளம்பரம் பார்த்தால் ஜெம்’ என்ற பொத்தான் இருந்தால் பிள்ளை ஒரு நாளில் பத்து விளம்பரம் பார்க்கும்.

வயதுவாரியாக என் கணிப்பு இது. எட்டு வயதுக்குக் கீழே இணையம் தேவைப்படும் ரோல்-பிளேயிங் கேம் வேண்டவே வேண்டாம். எட்டு முதல் பதினொன்று வரை, தனியாக விளையாட, ஒரு தடவை காசு கொடுத்து வாங்கி முடிக்கும், சாட்டும் குலுக்கலும் இல்லாத கேம்கள். பழைய டிராகன் குவெஸ்ட், ஃபைனல் ஃபேண்டஸி கேம்களின் மொபைல் பதிப்புகள் பல இப்படிப்பட்டவை. இணையம் இல்லாமலும் ஓடும், கதை முடியும். ஆப்பிள் ஆர்கேட் சந்தாவில் இருக்கும் கேம்களில் விளம்பரமும் இல்லை, உள்ளே வாங்குவதும் இல்லை. 2021இல் வந்த ஃபேண்டேசியன் அங்கே கிடைத்த நல்ல ரோல்-பிளேயிங் கேம். ஸ்டார்ட்யூ வேலி அமைதியான விவசாய கேம், பலருக்கும் நான் சொல்வது, ஆனால் அதில் மதுக்கடை உண்டு, கேம் காசில் ஆடும் காசினோவும் உண்டு. இஎஸ்ஆர்பி அதற்குப் பத்து வயதுக்கு மேல் என்றுதான் கொடுத்திருக்கிறது. பன்னிரண்டு பதின்மூன்றில், உச்சவரம்பு உள்ள குலுக்கல் கேமைக் காசுப் பூட்டோடும் சாட் அணைத்தும் கொடுத்துப் பார்க்கலாம். பதினைந்துக்கு மேல் பூட்டைவிட அந்த உச்ச விலைக் கணக்கும் மாதத்துக்கு ஒரு வரம்பும் பயன்படும்.

ஆகவே உங்கள் பத்து வயதுப் பையனுக்கு: அந்த கேமில் குலுக்கல் இருந்து, தனிச் செய்தியை அணைக்க முடியவில்லை என்றால், இப்போது வேண்டாம். இரண்டில் ஒன்றுதான் பிரச்சினை என்றால், உங்கள் போனில், உங்கள் அக்கவுன்ட்டில், நீங்கள் இருக்கும் அறையில் விளையாடட்டும். நண்பர்கள் எல்லோரும் விளையாடுகிறார்கள் என்பதை அலட்சியமாகத் தள்ளாதீர்கள். பிள்ளைக்கு அது உண்மையான காரணம். ‘வேண்டாம்’ என்று சொல்வதாக இருந்தால் அதே நண்பர்களோடு விளையாட வேறொரு கேமைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

கொடுத்த பிறகு கவனிக்க வேண்டிய குறிகள் சில உண்டு. சர்வர் புதுநாள் தொடங்கும் நேரத்துக்கு விடியற்காலையில் எழுவது, கேம் தானாகவே விளையாடும் ஆட்டோ மோடில் போனை இரவு முழுக்க ஓடவிடுவது, காசு பற்றிப் பொய் சொல்வது, பிடித்த மற்ற விளையாட்டுகளை விட்டுவிடுவது. ஒன்றிரண்டு வாரம் வெறியாக விளையாடினால் உடனே நோய் என்று பயந்துவிட வேண்டாம். உலக சுகாதார அமைப்பு கேமிங் கோளாறு என்று வரையறுத்திருப்பது, கட்டுப்பாடு கைநழுவி, மற்றெல்லாவற்றையும்விட கேமே பெரிதாகி, கெடுதல் வந்த பிறகும் தொடர்ந்து, அது வழக்கமாக 12 மாதம் நீடிக்கும் நிலையை.

அக்கவுன்ட்டை உங்கள் மின்னஞ்சலோடு இணையுங்கள். ‘கெஸ்ட்’ ஆக விளையாடினால் போன் மாறும்போது எல்லாம் அழிந்துபோகலாம், பிள்ளை அவசரத்தில் ஏதோ ஒரு சமூக வலைதள ஐடியைப் போட்டுவிடும். பிறந்த தேதி கேட்டால் உண்மையானதைப் போடுங்கள். வயதைக் கூட்டிப் போட்டால், சிறுவர்களுக்கென்று கேம் வைத்திருக்கும் சாட் தடையும் செலவு வரம்பும் வேலை செய்யாது. பெரிய அப்டேட் வரும் ஒவ்வொரு முறையும் கடைத் திரையையும் சாட் செட்டிங்ஸையும் திறந்து பாருங்கள். புது மோடோடு புதுச் சாட் சேனலும் புதுக் குலுக்கலும் சேர்ந்து வருவது வழக்கம், நீங்கள் போட்ட பூட்டு அவற்றுக்குத் தானாகப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.